இந்த எழுத்தை ஆக்கியவர் யார்?

எமது பாடசாலை ஆண்டுமலரின் முதற்படி, பிழைதிருத்தத்துக்காக அச்சகத்திலிருந்து வந்திருந்த பிற்பகல் அது. ஆசிரியர் அறை மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு நாமும் மலர்க்குழு மாணாக்கர் நால்வரும் அமர்ந்திருந்தோம். பத்தாந் தர மாணவி ஒருத்தி தன் தாயைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ‘அம்மா’ என்று தலைப்பிட்டிருந்தாள். அச்சாகி வந்த தாளிலோ அம்மாவைக் காணவில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள் அந்த இடத்தில் நின்றன. கட்டுரை முழுவதும் அவ்வாறே சிதைந்திருந்தது.

காரணம் எமக்குத் தெரியும். இலங்கைத் தமிழரிடையே நெடுங்காலமாகப் பழகிவரும் ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் நாம் அக்கட்டுரையைத் தட்டச்சுச் செய்திருந்தோம். அவ்வெழுத்துருவில் ஆங்கில எம்மின் இடத்தில் அகரம் குடியிருக்கிறது; கேயின் இடத்தில் மகரம்; அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி; எச்சின் இடத்தில் கால். கணினியின் நினைவில் இருப்பது ஆங்கிலக் குறியே. அதன்மேல் தமிழ்ச் சட்டை போர்த்தப்பட்டிருக்கிறது. அச்சகத்துக் கணினியில் பாமினி இல்லை. சட்டை கழன்றுவிட்டது, அவ்வளவுதான்.

இதனை விளக்கிவிட்டு, அச்சகத்துக்கு எழுத்துருவையும் அனுப்பிவைத்தால் காரியம் முடிந்தது என்று எழுந்தோம். கட்டுரைக்கு உரியவள் எழவில்லை.

“சேர், அப்ப அந்த எழுத்து எங்கட கணினிக்கு எப்பிடி வந்தது?”

“ஆரோ ஒரு ஆசிரியர் பென்டிரைவிலை கொண்டுவந்து போட்டிருப்பார், பிள்ளை.”

“அது சரி சேர். முதல்முதல் அதை ஆர் கீறினது?”

நாம் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றவர். ஏட்டிலிருந்த நூல்களைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் பற்றி ஒரு மணி நேரம் நின்ற நிலையில் உரையாற்றக் கூடியவர். ஆயினும், நாள்தோறும் வினாத்தாள் அடிக்கும் எழுத்தை வரைந்த கை எது என்னும் கேள்வி எமது சிந்தையில் ஒருநாளேனும் எழுந்ததில்லை. மாணவியிடம், “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றோம். தேடியபோது முதலில் அகப்பட்டது எமது குற்றமே. ஆசிரியர் அறைக் கணினியில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ் எழுத்துருக்கள் கிடந்தன. அவற்றுட் பல, ஆக்கியோர் மனமுவந்து எல்லார்க்கும் வழங்கியவை. சில, விலைக்கு விற்கப்பட்டவை. யாரோ வாங்க, யாரோ படியெடுக்க, கைக்குக் கை மாறி எம்மிடம் வந்து சேர்ந்தவை. எது கொடை, எது களவு என்று பாராமலே பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். உழைப்பின் பெருமையைக் கூறும் மேதினக் கட்டுரைகளையும் அவ்வெழுத்துகளிலேதான் அச்சிட்டோம்!

எழுத்தை ஆக்குவது உழைப்பு என்பதை நாம் மறந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழில் அச்சாயிற்று. 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் அதற்கான எழுத்துகள் வார்க்கப்பட்டன. நூலைத் தமிழாக்கிய அன்றிக்கே அடிகளாரின் பெயரை ஒவ்வொரு பாடநூலும் கூறுகிறது. உலையருகே ஈயத்தை உருக்கி நின்ற தொழிலாளியின் பெயரைக் கூறும் பாடநூல் ஒன்றையேனும் நாம் படித்ததில்லை. பின்னர் 1713இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியவை, தாளை விழுங்கின. எனவே சீகன்பால்குவின் குழுவினர் தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொள்ள நேர்ந்தது. தொலைவிலிருப்பவர் வெட்டித் தரும் எழுத்து ஊரின் தேவைக்குப் பொருந்துவதில்லை என்னும் பாடத்தை அன்றே தமிழ் அச்சுலகம் கற்றது.

எழுத்தாக்கம் அச்சகத்தாரின் தொழிலாகவே நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்த ஆர். முத்தையா மலாயாவுக்குச் சென்று அங்கு வேலை பார்த்தவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைக் கண்ட அவருக்கு, தமிழுக்கு ஏன் இஃது இல்லை என்னும் ஏக்கம் பிறந்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப்பதினாறு, ஆய்தம் ஒன்று. ஆக 247 எழுத்துகள். இவற்றை ஒரு சிறு விசைப்பலகையில் அடக்குவது எங்ஙனம்? எழுத்துகளைப் பகுத்துக் கால், கொம்பு, விசிறி எனப் பொதுவுறுப்புகளாக்கினார். அடித்தாலும் வண்டி நகராத ‘நகரா விசை’யை அமைத்துப் புள்ளியையும் மேல்விலங்கையும் எழுத்தின் தலைமேல் ஏற்றினார். அவரது பொறி ஜெர்மனியில் உற்பத்தியாகித் தமிழருக்குக் கிடைத்தது. பாமினியின் விசையொழுங்கும் தட்டச்சுப் பொறியின் வழிவந்ததே. ஆகவே மாணவியின் ‘அம்மா’வைத் தட்டிய எமது விரல்கள், தம்மையறியாமலே, தட்டச்சுக்காரர் தலைமுறைகள் பழகிய தடத்திலேதான் நடந்திருக்கின்றன.

கணினி யுகத்திலும் இக்கதையே தொடர்ந்தது. 1984இல் கனடாவில் வாழ்ந்த கே. ஸ்ரீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் சொற்செயலியை ஆக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை வளர்த்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம், 1990களில் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என வழங்கினார். அவருக்குச் சோறு போட்டது இரசாயனம். எழுத்துரு, ஓய்வுநேரத்து மொழிப்பற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்களின் தட்டச்சினால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள்ளும் அவர் ஒருவர். 1983க்குப் பின் உலகெங்கும் சிதறிய ஈழத்தமிழர் ஒருவரோடொருவர் தமிழிலே எழுதிக்கொள்ள இத்தகையோர் வழங்கிய இலவச எழுத்துகளே பெருந்துணையாயின.

எனினும் இவ்வுவமையற்ற தொண்டில் ஒரு குறையும் இருந்தது. ஒவ்வோர் ஆர்வலரும் தாம் விரும்பிய இடத்தில் தமிழெழுத்தை வைத்தனர். ஒருவரது அகரம் மற்றவரது கணினியில் வேறெழுத்தாயிற்று. நல்லெண்ணம் இருந்தது; பொது உடன்பாடு இருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து ‘தகுதரம்’ என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியோ உலக எழுத்துமுறைகளிடையே தமிழுக்கும் தனியிடம் ஒதுக்கியிருந்தது. காலப்போக்கில் அதுவே நிலைபெற்றது. ஒருங்குறியில் அகரம் ஆங்கில எழுத்தின்மேல் போர்த்த சட்டை அன்று, அகரமே. எழுத்துரு மாறினால் முகம் மாறும், சொல் அழியாது. தனிமனிதரின் தியாகம் எத்துணைப் பெரிதாயினும், கூட்டு ஒழுங்கில்லாதபோது அது பாதி வழியில் நின்றுவிடும் என்பதை எழுத்துருக்களின் வரலாறும் எமக்கு உணர்த்துகிறது. எமது ஆண்டுமலரை நாம் ஒருங்குறியில் அடித்திருந்தால் ‘அம்மா’ தொலைந்திருக்க மாட்டாள். அப்பிழை அச்சகத்தாருடையது அன்று; எம்முடையது.

படிப்பதற்கான எழுத்து கிடைத்தபின், பலவகை முகங்களுள்ள எழுத்துக்கு ஆசை பிறப்பது இயல்பு. சுவரொட்டிக்கு ஒன்று, குழந்தைப் பாட்டுக்கு ஒன்று, கவிதைத் தலைப்புக்கு ஒன்று வேண்டும் அல்லவா? இத்துறையில் இலங்கையரும் முன்னிற்கின்றனர் என அறிந்தபோது எமக்குப் பெருமிதம் உண்டாயிற்று. எமது நாட்டவரான தாரிக் அஸீஸ் ஆக்கிய ‘கவிவாணர்’, கையெழுத்தின் சாய்வும் ஓட்டமும் உடையது. அவரது ‘பவனம்’ நேர்கொண்ட நடையினது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த ‘கட்டமரான்’ ஒன்பது தடிப்புகளில் அமைந்து, தமிழையும் உரோமன் எழுத்தையும் ஒருங்கே பிணைக்கிறது. அப்பெயர் ஆங்கிலத்துக்குப் போன எமது ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே என்றதும், கடற்கரைப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். ‘மீரா இனிமை’ என்னும் தமிழ் எழுத்துருவை எமக்கு வழங்கியோர் சுதந்திர மலையாளம் கணினி என்னும் தொண்டர் குழுவினர். அயல்மொழிக்காரர் தமிழுக்குச் செய்த கொடை அது. கொழும்பின் ‘மூனியாக்’ குழுவினர், சுவர்களில் ‘விளம்பரம் ஒட்டாதீர்’ என்று தகட்டச்சு வைத்துத் தீட்டப்படும் எழுத்துகளைப் பார்த்து ஒரு குடும்பத்தையே உருவாக்கினர். அதில் சிங்கள எழுத்துக்குக் கொழும்பின் பெயர். தமிழெழுத்துக்கு யாழ்ப்பாணத்தின் பெயர்.

இதனைச் சாதாரணச் செய்தியாக எம்மாற் கொள்ள முடியவில்லை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்த நாடு இது. வாகனத் தகட்டில் ஏற்றப்பட்ட ஒரேயொரு ‘ஸ்ரீ’ எழுத்தைச் சுற்றி எத்துணைக் கசப்பு வளர்ந்தது என்பதை எமது மூத்தோர் அறிவர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. ஆயினும் இன்றும் வீதியில் நடக்கும்போது, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும் தமிழ்ப் பலகைகளைக் காண்கிறோம். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டும். கணினியின் நினைவிலோ அது எழுத்துக்குப் பின்னேதான் வைக்கப்படுகிறது. அதை முன்னே கொணரும் அறிவு எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் இல்லையாயின் பலகையில் தமிழ் நொண்டும். எழுதுவித்தவர் தமிழ் அறியாதவராயின் நொண்டுவதும் தெரியாது. சட்டம் கொடுத்த மொழியுரிமையை ஒரு பழுதான கோப்பு வீதியிலே பறித்துவிடுகிறது. இத்தகைய நாட்டில், சிங்கள எழுத்தையும் தமிழெழுத்தையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக வரைந்து இரண்டையும் இலவசமாகக் கொடுப்பது, மேடையில் பேசப்படும் பல ஒற்றுமைப் பேச்சுகளிலும் மேலானதன்றோ?

இவற்றையெல்லாம் ஆசிரியர் அறையில் உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, தொழிற்சங்க வேலைகளிற் பழம்பெரும் அனுபவமுடைய நண்பரொருவர் குறுக்கிட்டார். “இலவச உழைப்பை இப்பிடிப் புகழாதையுங்கோ. நாளைக்கு எங்களையும் சம்பளமில்லாமல் படிப்பிக்கச் சொல்லுவாங்கள்.”

அனைவரும் சிரித்தோம். எனினும் அன்றிரவு அவரது சொல் எம்மை உறங்கவிடவில்லை. அதில் பாதி உண்மை உண்டு. ஓர் எழுத்துருவை ஆக்குவது விளையாட்டன்று. உகர, ஊகார வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டாலே பதினெட்டு மெய்க்கும் முப்பத்தாறு வடிவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும். ‘கு’வின் வளைவு ‘சு’வுக்கு உதவாது, ‘து’வின் வால் ‘நூ’வுக்குப் போதாது. ஒவ்வொரு வளைவையும் திரையிலே புள்ளி புள்ளியாக இழுத்துச் சீர்செய்ய வேண்டும். அவ்வளைகோட்டுக் கணிதமே 1960களில் பிரான்சின் மோட்டார்த் தொழிற்சாலைகளில் வண்டியுடலின் வளைவுகளை வரையப் பிறந்தது. ரெனோ நிறுவனத்துப் பொறியியலாளர் பெசியேயின் பெயரை அது இன்றும் தாங்கியிருக்கிறது. இத்துணை உழைப்பையும் ஊதியமின்றிச் செய்யக் கூடியவர் யார்? வயிறு நிறைந்து, மாலையில் சிறிது நேரமும் கையிற் கணினியும் வாய்த்தவர். இலவச எழுத்துருக்கள் சிலவற்றின் பின்னே கூகிள் போன்ற பெருநிறுவனத்தின் பொருளுதவியும் உண்டு. ஓய்வும் ஒரு சொத்து; ஏனைய சொத்துகளைப் போலவே அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

ஆனால் மற்றப் பாதியை நண்பர் காணத் தவறினார். பறிக்கப்படும் இலவசம் வேறு; நிபந்தனையோடு பொதுவில் வைக்கப்படும் இலவசம் வேறு. திறந்த எழுத்துரு உரிமம் என ஒன்று 2005இல் வகுக்கப்பட்டது. அதன்படி, எழுத்துருவை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அதனைத் தனியே எடுத்து விற்றல் ஆகாது. திருத்தி ஆக்கிய புதிய எழுத்துருவும் அதே உரிமத்திலேயே பொதுவில் நிற்க வேண்டும். ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை அகற்றுதல் கூடாது. ஊர்க்குளத்தில் எவரும் நீர் மொள்ளலாம், அதற்கு எவரும் வேலி போடலாகாது என்பது போன்ற ஏற்பாடு இது. எழுத்துரு வரையும் ‘ஃபொன்ட்ஃபோர்ஜ்’ என்னும் கருவியும் அவ்வாறே பொதுவில் இருக்கிறது. ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்பவர் தொடங்கிய அதனைப் பின்னர் பல தொண்டர்கள் வளர்த்தனர். ஆகவே கருவி உண்டு, உரிமம் உண்டு. எமது பிள்ளைகளுக்கு இல்லாதது ஓய்வும் கணினியுமே. அவற்றைத் தேடிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை என்று எமக்குப் பட்டது.

பாடசாலை விட்டபின் வாரத்தில் இரு நாள் கணினிக் கூடத்தைத் திறந்துவைக்க அதிபரிடம் அனுமதி பெற்றோம். கேள்வி கேட்ட மாணவியே முதலில் வந்தாள். கையில் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று. அதில் பென்சிலால் கீறிய பெரிய எழுத்துகள் நிறைந்திருந்தன. இடப்பக்கம் தடித்து, வலப்பக்கம் கூர்ந்து, தூரிகை தூக்கிய இடத்தில் சிறு வாலோடு நின்றன. எங்கே கற்றாய் என வினவினோம்.

“இது அப்பப்பாட எழுத்து, சேர். வள்ளத்துக்குப் பேர் எழுதுறவர். உப்புக்காத்திலை மெல்லிய கோடு நிக்காதாம், அதாலைதான் இப்பிடித் தடிப்பாய் இழுக்கிறவர்.”

திருகோணமலைக் கரையில் இழுத்து வைக்கப்பட்ட வள்ளங்களின் பெயர்களை நாம் எத்தனையோ மாலைகளிற் கண்டதுண்டு. அவற்றை எழுத்தென்று எண்ணியதில்லை. பிரெட்றிக் கோட்டை வாயிலிலுள்ள சிதைந்த தமிழ்ச் சாசனத்தை மாணாக்கருக்குக் காட்டி, கல்லிலுள்ள எழுத்தைப் போற்றுங்கள் என்று கூறிய நாம், அதிலிருந்து நடந்துபோகும் தொலைவில் மரத்தின்மேல் உயிரோடிருந்த எழுத்தைக் காட்டினோமில்லை. ஓலையில் எழுத்தாணி கிழிக்காதிருக்க எழுத்து வளைந்தது என்று வகுப்பிற் கூறுவோம். உப்புக்காற்றில் அழியாதிருக்க எழுத்து தடித்தது என்பதும் அதே இலக்கணத்தின் அடுத்த சூத்திரம் அன்றோ?

அவள் கொப்பியைப் படமெடுத்து, திரையில் ஏற்றி, புள்ளிகளை நகர்த்தி வரையலானாள். ‘ழ’கரம் நான்கு மாலைகளை எடுத்துக்கொண்டது. ‘ஞ’கரத்தில் அழுதே விட்டாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் வேலையை நிறுத்த நேர்ந்தது. இருநூற்று நாற்பத்தேழும் முடியவில்லை. ஆண்டுமலரின் பெயருக்கும் கட்டுரைத் தலைப்புகளுக்கும் வேண்டிய நாற்பத்தொரு வடிவங்களே முடிந்தன. எஞ்சியவற்றைத் தரம் குறைந்த இரு வகுப்புப் பிள்ளைகள் இப்போது பயின்று வருகின்றனர். வேகம் போதாதுதான். ஆனால் பொறுமையுண்டு.

எழுத்துருக் கோப்பினுள்ளே ஆக்கியோரின் பெயரை எழுதுவதற்கென்றே ஓர் இடம் உண்டு. அதனை நிரப்பவேண்டிய நாளில் அவள் பாடசாலையின் பெயரை எழுதினாள். அழித்துவிட்டு உனது பெயரை எழுது என்றோம். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் முதலில் தன் அப்பப்பாவின் பெயரையும், அதற்குப் பின்னே தன் பெயரையும் எழுதினாள். முதியவரின் பெயர் ஒருங்குறியிலே, எக்கணினியிலும் சிதையாதபடி, அங்கே நிற்கிறது. நாற்பதாண்டுகள் பிறருடைய வள்ளங்களில் பிறருடைய பெயர்களை எழுதியவர் அவர். தம் பெயரை எங்கும் எழுதிக்கொண்டதில்லை என்று அவள் கூறினாள்.

ஆண்டுமலரின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்குக் கீழே இவ்வாண்டு ஒரு புதிய வரி சேர்ந்தது: தலைப்பு எழுத்துகளை ஆக்கியோர் இன்னார், உடலெழுத்து தாரிக் அஸீஸின் பவனம். ஆசிரியர் அறைக் கணினியிலிருந்த களவெழுத்துகளை நாமே அழித்துவிட்டோம். பதினேழு எழுத்துருக்களே எஞ்சின. தொழிற்சங்க நண்பர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு காணும்” என்றார்.